இரண்டு கிணறும் ஒரு நீரும்

தம்பிலுவிலில் எங்கள் வளவில் இரண்டு கிணறுகள் இருந்தன. ஒன்று அடுக்களையை அண்டியது. மற்றையது பின்புறத்துத் தென்னைகளுக்கு நடுவே அமைந்தது. ஒன்று வற்றினாலும் மற்றையது கைகொடுக்கும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலையிற் பொங்கி வந்த கடல் அந்நம்பிக்கையைச் சிறு பொழுதிலே அழித்துவிட்டது. இரு கிணற்று நீரும் வாயில் வைக்க முடியாதபடி உப்பாயிற்று. எத்தனை முறை இறைத்தும் பயனில்லை; இறைக்க இறைக்க அடியிலிருந்த உவர்நீரே மேலேறி வந்தது. பவுசர் கொண்டுவரும் நீருக்காகக் குடத்துடன் வரிசையில் நின்ற என்னிடம் அம்மா சொன்னார்: "கிணறுதான் ரெண்டு மகன். தண்ணி ஒண்டுதானே."

அப்பொழுது எனக்கு வயது பதினேழு. அச்சொற்களின் முழுப்பொருளை நான் உணர்ந்துகொள்வதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. உணர்த்தியது கடலன்று, கணினிகள் நிறைந்த குளிரூட்டிய அறையொன்று.

கீழ்மாகாணக் கரையோரத்து அலுவலகமொன்றில் வலையமைப்பைப் பராமரிக்கும் பணி எனக்குக் கிடைத்திருந்தது. முன்னாளில் ஒரு சேவைக்கு ஒரு கணினி என்பதே வழக்கம். இன்று வலுமிக்க ஒரு சேவையகத்தினுள்ளே பல மெய்நிகர் கணினிகளை இயக்குகின்றனர். ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி இயங்குதளமும் நினைவகமும் உடையதுபோல் நடந்துகொள்ளும். உண்மையில் அவை யாவும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் குடியிருப்பவை. எங்கள் பெட்டியினுள்ளே பன்னிரண்டு இருந்தன. ஒரு வாசல் அடைபட்டால் பன்னிரண்டு குடிகளும் உள்ளே சிறைப்படும். ஆதலால், இத்தகைய சேவையகத்துக்கு இரண்டு வலையமைப்பு வாயில்களேனும் வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம்.

நானும் அப்பாடத்தைப் பின்பற்றினேன். இரு வாயில்களுள் ஒன்றை இயங்குவதாகவும் மற்றதைக் காத்திருப்பதாகவும் அமைத்தேன். இணைப்பு விளக்கு அணைந்தால் மற்றது பொறுப்பேற்கும் என்று ஒழுங்கு செய்தேன். ஆண்டறிக்கையில், "மாற்றுவழி உண்டு" என்று எழுதி ஒப்பமும் இட்டேன்.

2019 ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, திருத்தவேலை செய்த ஒருவர் மேற்கூரையைத் துளைத்தபோது, எங்கள் அறையின் ஆளியிலிருந்து பிரதான ஆளிக்குச் செல்லும் வடம் அறுந்தது. நாங்கள் சுவிச் என்று வழங்கும் அவ்வாளி ஒன்றிலேயே சேவையகத்தின் இரு வடங்களும் பொருத்தப்பட்டிருந்தன. சேவையகத்துக்கும் ஆளிக்கும் இடையே யாதொரு குறையும் இல்லை. இரு விளக்குகளும் பச்சையாகவே எரிந்தன. காத்திருந்த வாயிலை அழைப்பதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. அழைத்திருந்தாலும் அதுவும் அதே ஆளியிற்சென்று முட்டியிருக்கும். பன்னிரண்டு கணினிகளும் உயிரோடிருந்தன. அவற்றை எவராலும் அணுக முடியவில்லை.

மறுநாட் காலையில் மக்கள் வரிசையாய் வந்துவிட்டனர். அவர்களுள் ஒரு முதியவர் பொத்துவிலிலிருந்து முதற் பேருந்தில் வந்தவர். ஒரு பத்திரத்துக்காக அன்றைய கூலியை இழந்து வந்திருந்தார். "நாளைக்கு வாங்க ஐயா" என்றேன். அவர் கோபிக்கவில்லை. கையிலிருந்த கோப்பைப் பையினுள் வைத்துக்கொண்டு மெல்ல நடந்துபோனார். கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்களுள் மூத்தவர் கல்முனையைச் சேர்ந்தவர். அவரைக் காக்கா என்றே அழைப்போம். அவர் என்னைக் கடியவில்லை. "வடத்தை எண்ணாதீங்க தம்பி. அது எதை நம்பி நிக்குது எண்டு பாருங்க" என்றார். இருவருமாக ஒரு தாளிற் கீறிப் பார்த்தோம். இரு வாயில்களும் ஒரே அட்டையில். இரு வடங்களும் ஒரே ஆளியில். அந்த ஆளி ஒரே மின்செருகியில். அதிலிருந்து மேலே செல்வதும் ஒரே வடம். கிணறுதான் இரண்டு, நீர் ஒன்றே.

பின்னர் எல்லாவற்றையும் புதிதாய் அமைத்தோம். ஒரு வாயில் தாய்ப்பலகையிலுள்ளது. மற்றையது தனி அட்டையிலுள்ளது. அவை இரு வேறு ஆளிகளுக்குச் சென்றன. ஆளிகளுக்கு வெவ்வேறு மின்வழிகளை அளித்தோம். அவற்றின் மேல்வடங்களை வெவ்வேறு சுவர்களின் வழியே செலுத்தினோம். இரு வாயில்களையும் இயங்கச் செய்து, ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் ஏதேனும் ஒரு வாயிலைப் பற்றிக்கொள்ளும் எளிய முறையையே தெரிந்தெடுத்தோம். இரு வடங்களையும் ஒன்றாய்ப் பிணைத்து ஒரே பாதையாக்கும் முறையும் உண்டு. ஆனால், அதற்கு ஆளியும் இசைந்து அமைக்கப்படல் வேண்டும். தனித்தனியான இரு சாதாரண ஆளிகளுக்கிடையே அது பொருந்தாது. மேல்வடம் அறுந்தால் ஆளி தானாகவே கீழுள்ள இணைப்பையும் அணைத்துவிடும்படி ஒழுங்கு செய்தோம். உண்மை கூறாத பச்சை விளக்கிலும், உண்மை கூறும் இருள் நன்று.

அமைத்து முடிந்ததும் நான் அறிக்கை எழுத அமர்ந்தேன். காக்கா எழுந்து சென்று முதலாவது வடத்தைப் பிடுங்கினார். பத்துக் கணினிகள் பேசின, இரண்டு ஊமையாயின. அவ்விரண்டும் சார்ந்த வீலான் பிரிவை இரண்டாவது ஆளியில் அனுமதிக்க நான் மறந்திருந்தேன். திருத்தினோம். வடத்தை மீண்டும் செருகியபோது இன்னொரு குறை வெளிப்பட்டது: விளக்கு எரிந்த பின்னரும் ஆளி ஏறக்குறைய அரை நிமிடம் வரை தரவை முன்செலுத்தவில்லை, அவசரப்பட்டுப் பழைய வழிக்குத் திரும்பிய கணினிகள் அதுவரை தவித்தன. அதனையும் திருத்தினோம். பிடுங்கிப் பாராத மாற்றுவழி வெறும் நம்பிக்கையே என்பதை அன்று கற்றேன்.

இப்பிழை என்னைப் போன்ற சிறியோருக்கு மட்டும் உரியதன்று. 2008 சனவரி 30 ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவை அடுத்த கடலில் இரு வேறு கடலடி வடங்கள் ஒரே நாளிற் பழுதுற்றன. எகிப்து முதல் இந்தியா வரை இணையத் தொடர்பு பெரிதும் தளர்ந்தது. இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தாரின் வடங்கள்; எனினும் இரண்டும் ஒரே கடலை நம்பியிருந்தன.

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தேன். வளவில் இரு கிணறுகளும் இன்னும் உள்ளன; காலம் பெய்வித்த மழைகள் அவற்றின் உப்பை ஒருவாறு கழுவிவிட்டன. ஆனால் அம்மா மூன்றாவது கிணறு எதனையும் தோண்டவில்லை. கூரையின் தாழ்வாரத்திற் பீலி கட்டி, அதன் கீழே மழைநீர்த் தொட்டியொன்றை உயர்த்தி வைத்திருக்கிறார். அது மண்ணடி நீரை நம்பியதன்று, வானத்தை நம்பியது. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் அதன் குழாயைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். அவர் எந்தக் கல்லூரியிலும் இத்தொழிலைப் பயின்றவரல்லர். நான் எனது அறிக்கையில் எழுதத் தவறியதை அவர் தமது முற்றத்திலே செய்து வைத்திருக்கிறார்.