காற்றில்லாத கடற்கரை

வெள்ளி, இரவு

நம்ம தூத்துக்குடியில் எடுத்த படம் என்று மைத்துனன் இழுத்துக்கொண்டு போனான். மாலைக் காட்சிக்குப் பதினாலு பேர். கன்டெய்னர் யார்டு குமாஸ்தா ஒருவனின் காதல், கடன், வாடகை வீடு. கதையில் பழுதில்லை.

காசில்லாமல் எடுத்தது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே வீட்டுக்குப் பச்சையும் மஞ்சளுமாக மாற்றிச் சுண்ணாம்படித்து நாயகன் வீடு, நாயகி வீடு இரண்டையும் முடித்திருந்தார்கள். மாடிப்படியில் உடைந்த மூலை இரண்டு வீட்டிலும் அதே இடத்தில்! அதைக் குறை சொல்ல மாட்டேன். இருக்கிற அரிசிக்குத்தானே உலை வைக்க முடியும்?

பொறுக்க முடியாதது கடற்கரைக் காட்சி. நாயகி அழுகிறாள். சேலைத் தலைப்பு படபடக்கிறது, முடி வாய்க்குள் போகிறது. குரல் மட்டும் ஏ.சி. அறைக்குள் பேசியதுபோல் அத்தனை சுத்தம். காற்றும் இல்லை, அலையும் இல்லை, வயலின்தான். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது இங்கே பக்கத்தில் நிற்பவனிடமே கத்திப் பேச வேண்டும். அவளைக் கத்த விட்டிருந்தால் வயலின் கூலியாவது மிஞ்சியிருக்கும்.

சனி

ஆபீஸில் சொன்னதும் ஒரே சிரிப்பு. ஏற்றுமதிக்கு நிற்கும் கன்டெய்னரை நாயகன் வெறுங்கையால் திறந்து உள்ளே ஒளிகிறானாம். சீல் எங்கே போயிற்று? போன மாதம் சீல் நம்பரில் ஓர் இலக்கம் மாறியதற்கு எனக்கு ஒரு பகல் முழுக்க அலைச்சல். அதையே எடுத்திருக்கலாம், செலவு ஒரு பேனா.

படத்தில் சுவர்க் காலண்டர் மே மாதம் காட்டுகிறது. படத்து அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கட்டிக் கிடக்கும். பேச்சோ ‘அங்கிட்டு, இங்கிட்டு’ என்று மதுரைப் பக்கம் போய்விட்டது. 1967-இல் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் நாகேஷ் தூத்துக்குடிக்காரனாகப் பேசியது சிரிப்புக்குத்தான். ஆனாலும் காதுகொடுத்துக் கேட்டுப் பேசியவர்.

ராத்திரி, செழியனின் ‘டு லெட்’டை மறுபடி பார்த்தேன். 2007-இல் ஐ.டி. சம்பளம் வந்து வாடகையைத் தூக்கிவிட்ட சென்னையில் ஒரு குடும்பம் வீடு தேடுகிறது, அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. தேசிய விருது வாங்கி 2019-இல் தியேட்டருக்கு வந்த படம்; அதுவும் சின்ன முதலீடுதான். வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றாலே நமக்கு வயிறு கலங்குகிறது.

ஞாயிறு

தெரேஸ்புரத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். படத்தில் நாயகனின் கூட்டாளி கடலில் மூழ்கி எழுந்து, படகிலேயே சிப்பியைப் பிளந்து, முத்தை எடுத்து நீட்டுகிறான் என்று பெரியப்பாவிடம் சொன்னேன்.

“இப்பவா?”

“இப்பத்தான் பெரியப்பா.”

மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அப்போது அவருக்குப் பத்து வயது. இன்று இங்கே மூழ்குகிறவர்கள் சங்குக்காகத்தான் இறங்குகிறார்கள்.

“படகுல வச்சு எவம்ல சிப்பிய அறுப்பான்? ஆயிரம் ஆயிரமா ஏலம்லா போகும்.”

ஏலம் எடுத்தவர்கள் சிப்பியை அழுகப் போடுவார்களாம். சதை கரைந்ததும் அதை அலசி, திரும்பத் திரும்ப அலசி, அடியில் தங்குவதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பல நேரம் வெறும் மணல்தான். ஈயையும் நாற்றத்தையும் சொல்லும்போது, அறுபது வருஷத்துக்கு மேலாகியும், தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.