கீரியிலிருந்து மாதோட்டம் வரை

"உங்கள் ஊரிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று எவரேனும் வினவினால், கீரிவாசிகளாகிய நாங்கள் சற்றே தயங்கிவிட்டுக் கடலைக் காட்டுவதுதான் வழக்கம். கடலைக் கண்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. மன்னார்த் தீவிலே, மன்னார் நகரத்துக்கு அண்மையில், பனைகளுக்கும் மணலுக்கும் இடையே கிடக்கின்ற சிற்றூர் எங்களுடையது. கரையேற்றிய வள்ளங்கள், உலரும் வலைகள், கருவாட்டு வாடை, உடைமர நிழலிலே தத்துவ ஞானிகளைப் போல அசையாது நிற்கும் கட்டாக்காலிக் கழுதைகள் ஆகிய இவற்றைத் தவிர விருந்தினருக்குக் காட்ட வேறொன்றும் எம்மிடத்தில் இல்லையென்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வகுப்பறையிலே மதுரையையும் காஞ்சியையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுகின்ற ஆசிரியன் ஒருவன் தன் ஊரைப் பற்றி இவ்வாறு எண்ணியிருந்தது நாணத்தக்கதே.

அந்த எண்ணத்தை அசைத்தவர்கள், 2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையிலே என் இல்லத்துக்கு வந்திருந்த நண்பர் இருவர். நாங்கள் மூவரும் 1990ஆம் ஆண்டு வரை மன்னார் நகரிலே ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவ்வாண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது என் குடும்பம் படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தது. கத்தோலிக்க நண்பரின் குடும்பம் மடுத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தது. மூன்றாமவர் இசுலாமியர். அவ்வாண்டு ஒக்தோபர் மாதத்திலே வடமாகாணத்து முசுலிம் மக்கள் யாவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தபோது, அவருடைய குடும்பம் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றது. பத்து வயதுச் சிறுவர்களாகப் பிரிந்த நாங்கள், நரை தோன்றிய பின்னர்தான் ஒருங்கே கூடினோம்.

மடுவுக்குச் சென்ற நண்பர் பின்னர் பொறியியல் கற்று, இப்பொழுது யப்பான் நாட்டிலே கியோட்டோ நகரில் வாழ்கிறார். முதல் நாள் இரவு, முற்றத்து மணலிலே பாய் விரித்து அமர்ந்திருந்தபோது, அந்நகரத்துப் பழைய தெருக்களின் படங்களைக் கைப்பேசியிலே காட்டினார். நினென்சாகா என்றொரு தெரு. கல் பாவிய சரிவு. இரு மருங்கும் மரத்தாலான வீடுகள். அங்கே இடறி விழுந்தவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தீங்கு நேரும் என்பது அவ்வூரார் நம்பிக்கையாம்.

"ஆனபடியால் எல்லாரும் காலைப் பார்த்து நடக்கினம். காலைப் பார்க்கிறவன் மெல்ல நடப்பான். மெல்ல நடக்கிறவனுக்குத்தான் தெரு தெரியும்," என்றார் நண்பர்.

அவ்வாறு மெல்ல நடக்க விரும்பி உலகமெல்லாம் திரண்டு வந்து, அமைதியைத் தேடியவர்களே அமைதியைக் கெடுத்துவிட்டார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். கியோன் பகுதியிலே தனியாருக்குரிய சில சந்துகளுக்குள் வெளியார் நுழையலாகாதென்று 2024இல் தடை விதித்திருக்கிறார்களாம். "எங்கட ஊரில் அந்தத் தொல்லை இல்லை. நாளைக்கு மூவரும் நடப்போம், மச்சான், நீதான் வழிகாட்டி," என்று என் தலையிலே பொறுப்பைச் சுமத்திவிட்டார். எனக்கோ உள்ளூர அச்சம். கியோட்டோவில் வாழ்பவருக்குக் காட்ட எம்மிடம் எந்தத் தெரு இருக்கிறது?

விடியற்காலையில் பிட்டும் சம்பலும் உண்டு புறப்பட்டோம். கீரியிலிருந்து நகரத்துக்குச் செல்லும் வழியிலே, துவிச்சக்கர வண்டியிற் செல்லும்போது நான் ஒரு நாளும் காணாதவற்றை அன்று கண்டேன். பனையோலை வேலியின் பொட்டுக்குள்ளால் தெரிந்த ஒரு சிறு வைரவர் சூலம். அதற்கு எதிர்ப்புறத்திலே கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார். இரண்டின் முன்னும் அதே வகைச் செவ்வரத்தம்பூ. ஒரே செடியிற் பறித்தவையாகவும் இருக்கலாம்.

நகரத்தை அண்மியதும், மூர் வீதிப் பக்கம் திரும்பலாமா என்று கேட்டேன். எங்கள் இசுலாமிய நண்பர் பிறந்த தெரு அது. "அங்கே பிறகு போவம்," என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவர் முன்னே நடந்தார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்க மரத்தை அன்பர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பது வழக்கு. சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். மரம் என்பதைவிட, யானைகள் சில நெருக்கியடித்து நிற்பது போன்ற தோற்றம். கியோட்டோ நண்பர் அதன் பட்டையை உள்ளங்கையால் தடவியபடி சற்று நேரம் நின்றார். இசுலாமிய நண்பரோ, தாம் சிறுவயதிலே பெயர் கீறிய இடத்தைத் தேடினார், அகப்படவில்லை. மரங்களிலே பெயர் கீறுவோரை வகுப்பிலே கண்டிக்கும் நான், அன்றைக்கு அவரோடு சேர்ந்து தேடினேன்.

அங்கிருந்து கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தியது. 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நான்கு மூலையிலும் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, உள்ளே கூரையிழந்த தேவாலயம். திருக்கேதீச்சரத்தை இடித்த கற்களும் இக்கோட்டையிலே சேர்ந்தன என்று எங்கள் முன்னோர் சொல்லி வந்திருக்கின்றனர். எந்தக் கல் அது என்று கேட்டாற் காட்டுவார் இலர். கடற்காற்றும் உப்பும் அரித்து அரித்து, கோயிற் கல்லும் கோட்டைக் கல்லும் ஒரே முகங் கொண்டுவிட்டன. மூவரும் மதிலின்மேல் ஏறி அமர்ந்து கடலேரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே எங்களையும் இரண்டு ஆடுகளையும் தவிர ஒருவரும் இல்லை. "கியோட்டோவில் இப்படி ஓரிடம் கிடைத்தால் நுழைவுச் சீட்டுக்கு வரிசையில் நிற்பார்கள்," என்றார் பொறியியலாளர். அது பாராட்டா, பரிகாசமா என்று எனக்கு விளங்கவில்லை.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தை அடைந்தபோது அவர் முகம் மலர்ந்தது. போரிலே தகர்ந்த பழைய பாலத்தின் இடத்திலே, 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாலம் யப்பானிய அரசின் நன்கொடையாற் கட்டப்பட்டது. மூன்று கிலோமீட்டர் நீளமான தாம்போதியின் இரு மருங்கும் ஆழமற்ற நீர். தொலைவிலே பூநாரைக் கூட்டமொன்று இளஞ்சிவப்புத் துணியை உலரவிட்டது போலத் தோன்றியது. பாதித் தூரம் நடந்ததும் வெயில் ஏறிவிட்டது. எங்கள் நடைத் தவத்தை அங்கேயே கலைத்துவிட்டு, வந்த முச்சக்கர வண்டியில் ஏறிக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

மாதோட்டம்! சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருத்தலம். ஒரு காலத்தில் மாபெருந் துறைமுகம். இராசராச சோழன் காலத்திலே இராசராசபுரம் என்ற பெயரும் இதற்கு இருந்தது. 1980 முதல் 1984 வரை இங்கு நிகழ்ந்த அகழாய்விலே சீன நாட்டு மட்பாண்டங்களும் மேற்காசிய நாட்டு மட்பாண்டங்களும் உடைந்த ஓடுகளாக அகப்பட்டன. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பாலாவித் தீர்த்தக் கரையிலே அமர்ந்திருந்த இசுலாமிய நண்பர், "அப்ப எங்கட ஆக்களும் அந்தக் காலத்திலேயே வந்து இந்தக் கட்டில் இருந்திருப்பினம்," என்று சொல்லிச் சிரித்தார். பெருக்க மரத்தைக் கொண்டுவந்தவர்களின் வழியிலே வந்தவர் அவ்வாறு சொல்லுவதை மறுக்க எனக்கு யாதொரு சான்றும் இல்லை.

ஆலயத்தின் முன்னே நின்றபோதுதான் என் பழைய தாழ்வு மனப்பான்மை மீண்டும் தலைகாட்டியது. திருக்கேதீச்சரத்தின் இன்றைய கருங்கற் கோயில் இந்திய அரசின் உதவியோடு கட்டப்பெற்று, 2022ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆந் திகதி குடமுழுக்குக் கண்டது. தூண்களிலே உளியின் கூர்மை இன்னும் மழுங்கவில்லை. "தலம் பழையது, கட்டடம் நேற்றையது. கியோட்டோவைப் போல எதிர்பாராதே," என்று நண்பரிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னேன்.

அவர் உடனே மறுமொழி கூறவில்லை. பாலாவியிலே கைகால் கழுவிக்கொண்டு, யப்பானிலும் கோயில் வாயிலிலே அகப்பையால் நீர் முகந்து கையும் வாயும் கழுவிய பின்னரே உட்செல்வார்கள் என்றார். பிறகு இசே என்னும் இடத்து ஆலயத்தைப் பற்றிச் சொன்னார். யப்பானியருக்கு அதனினும் புனிதமான தலம் இல்லை. சூரிய தேவியின் உறைவிடம். ஆனால் அங்குள்ள கோயிலின் வயதோ எக்காலத்திலும் இருபதைத் தாண்டுவதில்லை! ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாக, இருபது ஆண்டுக்கு ஒரு முறை, பக்கத்து நிலத்திலே அதே அளவில் அதே வகை மரத்தாற் புதிய கோயில் எழுப்பித் தெய்வத்தை அதில் எழுந்தருளச் செய்கிறார்கள்; பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது புதுப்பிப்பு. நடுவே பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் உள்நாட்டுப் போர்களால் நூறாண்டுக்கு மேல் அது தடைப்பட்டும் போயிற்றாம்.

"தடைப்பட்ட பிறகு எப்படித் தொடங்கினார்கள்?" என்று கேட்டேன்.

"இங்கே எப்படித் தொடங்கினார்கள்?" என்று திருப்பிக் கேட்டார்.

அதற்கு விடை எனக்குத் தெரியும். பல ஆண்டுகளாக மாணாக்கருக்குச் சொல்லிவரும் விடைதான். பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் அழிந்த கோயில், முந்நூறு ஆண்டுகள் காட்டுக்குள் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் இதனை மீட்க வேண்டுமென்று குரலெழுப்பினார். 1893இல் சைவ மக்கள் நிலத்தை விலைக்கு வாங்கினர். அகழ்ந்தபோது பழைய இலிங்கம் கிடைத்தது. 1903இல் சிறு கோயில் ஒன்று குடமுழுக்குப் பெற்றது. 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் தலைமையில் திருப்பணிச் சபை தோன்றியது. 1990க்குப் பின் பல ஆண்டுகள் மக்கள் செல்லவொண்ணாத இடமாய் மீண்டுங் கிடந்தது. மண்டபம் முகாமிலிருந்தபோது என் பாட்டியார் சிவராத்திரிதோறும் கடலைப் பார்த்துக் கும்பிட்டது, கண்ணுக்குத் தெரியாத இக்கோயிலைத்தான். அவர் திரும்பி வரவில்லை. பாலாவி நீரைக் குடத்தில் முகந்து தம் கையாலேயே இலிங்கத்துக்கு வார்க்கும் அந்தச் சிவராத்திரி வழக்கத்தை, அவர் சொல்லக் கேட்டே நான் அறிந்தேன்.

கோயிலுக்குள்ளே நண்பர் இன்னொன்றும் சொன்னார். நாரா நகரத்துப் பெரும் புத்தர் சிலைக்கு 752ஆம் ஆண்டிலே கண் திறந்தவர், பாரத நாட்டிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவியாம். கடல் கடந்த நாட்டிலும் சிலைக்குக் கண் திறப்பதற்கு ஒரு சடங்கு உண்டு என்பதும், அதைச் செய்யத் தெரிந்தவர் எம் திசையிலிருந்து போனார் என்பதும், சிற்பியின் கையாற் கண் திறக்கும் எங்கள் வழக்கத்தை அறிந்த எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை, உறவாகத் தோன்றியது. கௌரி அம்பாளின் சந்நிதியிலே அன்று கூட்டமில்லை. குருக்கள் நிதானமாக அருச்சனை செய்தார். என் தாயார் கேட்டிருந்தபடி ஒரு போத்தலிலே பாலாவித் தீர்த்தம் நிரப்பிக்கொண்டேன். அதைக் கண்ட இசுலாமிய நண்பர், "இன்னொரு போத்தல் இருக்குதா?" என்றார். எதற்கென்று கேட்டதற்கு, பிறகு சொல்லுவதாகச் சொன்னார்.

மாலையிலே நகரத்துக்கு மீண்டபோது அவரே மூர் வீதிக்குள் எங்களை அழைத்துச் சென்றார். தெரு மாறியிருந்தது. புதிய மதில்கள், புதிய வாயில்கள். எது தம் வளவு என்று அவராலும் உடனே சொல்ல இயலவில்லை. பள்ளிவாசலின் முன்னே போய் நின்று, அங்கிருந்து காலைப் பார்த்தபடி ஒவ்வோர் அடியாக எண்ணத் தொடங்கினார். சிறுவனாய் இருந்தபோது பள்ளியிலிருந்து வீட்டுக்கு 210 அடி என்று எண்ணி வைத்திருந்தாராம். 140 ஆவதற்குள்ளேயே நின்றுவிட்டார். கால்கள் நீண்டுவிட்டன அல்லவா?

அங்கே வீடு இல்லை. எருக்கும் நாயுருவியும் மண்டிய வெறும் வளவு. நடுவிலே வட்டக் கட்டு உடைந்த கிணறு மட்டும் இருந்தது. முன்வீட்டுப் பிள்ளை ஒருத்தி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேளாமலே வாளியும் கயிறும் கொண்டுவந்து தந்தாள். கற்பிட்டியிலே நோயுற்றிருக்கும் தம் உம்மா, ஊருக்குப் போனால் இந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவருமாறு சொல்லியனுப்பினார் என்பதை அவர் அப்பொழுதுதான் வெளியிட்டார்.

நான்தான் நீரை இறைத்தேன். நண்பர் ஒரு கை ஏந்திப் பருகினார். "அதே உவர்," என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. கியோட்டோ நண்பரும் நானும் ஆளுக்கொரு கை பருகினோம். உண்மையாகவே நல்ல உவர்.

இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல்கள். ஒன்று என் தாயாருக்கு, ஒன்று அவருடைய உம்மாவுக்கு. மாறிப்போகாமல் இருக்கும்பொருட்டு, அருச்சனைத் தட்டிலே கிடைத்த நூலை எடுத்துப் பாலாவிப் போத்தலின் கழுத்திலே கட்டினேன். மற்றதை நண்பர் தம் கைக்குட்டையாற் சுற்றி, கீரிக்குத் திரும்பும் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார்.