படிக்கமும் இடுக்கியும்

போன மாதம் ஒரு தோழரின் வீட்டுக் கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தோம். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தோம். நாங்கள் மூன்று பேர், கூடப்பிறந்தவர்கள். கூடவே எங்கள் அத்தை. அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

ஒரு கடை வாசலில் பித்தளைப் படிக்கம் ஒன்று பளபளவென்று இருந்தது. அகன்ற வாய், ஒடுங்கிய கழுத்து, உருண்ட வயிறு. நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு கடைக்காரத் தம்பி வந்தார்.

"எச்சிப் படிக்கம்ங்க. அந்தக் காலத்துப் பெரிய வீட்டுச் சாமான். இப்ப எல்லாரும் வாங்கிட்டுப் போய் ஹால்ல பூ போட்டு வைக்கிறாங்க. அம்சமா இருக்கும்."

அதற்குப் பக்கத்துச் சுவரில் துருப்பிடித்த இரும்பு ஒன்று தொங்கியது. முழங்கையை விட நீளம். இரண்டு கரம். முனையில் இரண்டும் வளைந்து அரைவட்டமாக ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. இது என்ன என்று கேட்டோம்.

"தெரியலீங்க. அடுப்புச் சாமானா இருக்கும். பானை இறக்குற இடுக்கி."

அத்தை அதைக் கையில் வாங்கினார். இரண்டு கரத்தையும் விரித்தார், மூடினார். பிறகு அந்தப் படிக்கத்தின் கழுத்தில் வைத்துக் கவ்வினார். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

"அடுப்புச் சாமான் இல்ல தம்பி. இது எங்கம்மாவோட கை" என்றார்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு மிராசு வீட்டின் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்து, இன்னொரு பண்ணையாள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி, வாரம், வேலையிலிருந்து நீக்குவது பற்றியெல்லாம் அதில் பேசினார்கள். கொல்லைப்புற வேலை அப்படியேதான் இருந்தது. நடவும் அறுப்பும் இல்லாத நாளிலும் அப்பாயி விடியற்காலையில் அந்த வீட்டின் கொல்லைக்குப் போக வேண்டும். முன்வாசல் அவருக்குக் கிடையாது. மாட்டுக்கொட்டில் கூட்டி, சாணி அள்ளி, எருக்குழியில் போட்டு முடித்ததும் கடைசி வேலை படிக்கம்.

பெரியவர் ராத்திரியெல்லாம் வெற்றிலை போட்டுத் துப்பியது, இருமிக் காறியது எல்லாம் அதில் இருக்கும். திண்ணையில் ஒன்று, கட்டிலடியில் ஒன்று. உள்வேலை செய்கிற பெண் இரண்டையும் கொண்டுவந்து கிணற்றடிக்கு அப்பால் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கொட்டில் சுவரின் ஆணியில் இந்த இடுக்கி தொங்கும். அப்பாயி அதை எடுத்துப் படிக்கத்தின் கழுத்தைக் கவ்வி, தூக்கி, எருக்குழி வரைக்கும் நடந்து கவிழ்க்க வேண்டும். நிறைந்த படிக்கம் சுமையானது. கவ்வு நழுவினால் பாத்திரம் நசுங்கும், வசவு விழும். பிறகு ஒரு குச்சியின் நுனியில் கட்டிய தேங்காய் நாரைச் சாம்பலில் தொட்டு உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். எட்டி நின்று தண்ணீர் ஊற்றுவாள் உள்வேலைக்காரி. எச்சில் போய்ச் சுத்தமானதும் இடுக்கியால் தூக்கித் திரும்பக் கல்லின்மேல் வைத்தால் அப்பாயியின் வேலை முடிந்தது. அதற்கப்புறம் வீட்டுக்காரர்கள் தண்ணீர் தெளித்து எடுத்துப்போய்ப் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிக்கொள்வார்கள்.

எச்சில் எங்கள் வீட்டுக்கு, பளபளப்பு அவர்கள் வீட்டுக்கு.

எங்களில் மூத்தவள் சின்னப் பிள்ளையாக அப்பாயியோடு அந்தக் கொல்லைக்குப் போயிருக்கிறாள். இளையவர்கள் இரண்டு பேருக்கும் கேட்ட கதைதான். ஆனால் மூன்று பேருமே ரொம்ப நாள் ஒரே மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு அம்மா கொஞ்சம் இரக்கக்காரர், கிழவி கையில் எச்சில் படக்கூடாது என்று கொல்லரிடம் சொல்லி இடுக்கி செய்து கொடுத்திருக்கிறார் என்று. பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறோம். "எங்க ஊரு அவ்வளவு மோசமில்ல, எச்சில் எடுக்கக்கூட இடுக்கி குடுத்தாங்க" என்று.

அன்றைக்குக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அதையே அத்தையிடம் சொன்னோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. படித்த பிள்ளைகள் இப்படி இருக்கிறார்களே என்கிற அலுப்பு இருந்தது.

"சாணி அள்ளுறதுக்கு இடுக்கி குடுத்தாங்களா? கொட்டில்ல எலி செத்துக் கெடந்தா அதை எடுக்கக் குடுத்தாங்களா? அந்த வீட்டுக் கெழவி படுக்கையில கெடந்தப்ப அந்தத் துணியெல்லாம் எங்கம்மா எதால அலசுச்சு? கையாலதான. பித்தளைக்கு மட்டும் எதுக்குடா இடுக்கி?"

நாங்கள் பேசாமல் இருந்தோம்.

"உள்ள இருக்கிறவ அதைக் கையாலதான தூக்கிட்டு வந்து வெச்சா? அவளுக்கு ஏன் இடுக்கி இல்ல? எச்சி படக்கூடாதுன்னா அவளுக்கும்தான படக்கூடாது?"

நாற்பது வருஷம் எங்கள் கண்ணுக்கு முன்னால் கிடந்த கணக்கு. இடுக்கி அப்பாயியின் கையை எச்சிலிலிருந்து காப்பாற்ற வந்ததல்ல. படிக்கத்தை அப்பாயியின் கையிலிருந்து காப்பாற்ற வந்தது. ஒருவர் காறித் துப்பிய பாத்திரம், அதற்குள் அவர் சளி மிதக்கிறது, அந்தப் பாத்திரத்துக்கும் தீட்டு உண்டு. சளியால் வராத தீட்டு எங்கள் அப்பாயியின் விரல் பட்டால் வந்துவிடும்.

இரட்டைக் குவளை பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். டீக்கடையில் கொட்டாங்கச்சியில் ஊற்றியதைப் பற்றி, கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து தண்ணீர் வார்த்ததைப் பற்றி எழுதியிருக்கிறோம். இந்த இடுக்கியும் அந்தக் குடும்பத்துச் சாமான்தான். தொடாமல் கொடுக்கக் கொட்டாங்கச்சி. தொடாமல் வேலை வாங்க இடுக்கி.

இன்னொன்றையும் அத்தை சொன்னார். அப்பாயியும் வெற்றிலை போடுவார். அது எங்களுக்குத் தெரியும், அவர் மடியில் எப்போதும் சுருக்குப்பை இருக்கும். ஆனால் ஊர்த்தெருவில் நடக்கும்போது துப்ப முடியாது. எங்கள் ஆட்கள் அந்தத் தெரு மண்ணில் துப்பக்கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். வாய் நிறைந்த சாற்றை அடக்கிக்கொண்டே வாய்க்கால் மதகு வரைக்கும் நடப்பாராம். வழியில் யாராவது கூப்பிட்டு ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, அப்போது விழுங்கிவிடுவாராம். "எங்கம்மா வாழ்நாள்ல துப்புனதவிட முழுங்குனதுதான் அதிகம்" என்றார் அத்தை. சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாபாசாகேப் 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடே ரத்தானதால் பேச முடியாமல் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதியை ஒழிக்கும் வழி'யில், பேஷ்வாக்கள் ஆண்ட புனேயைப் பற்றிச் சொல்கிறார். அங்கே தீண்டப்படாதவர் தன் கழுத்தில் ஒரு மண்கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். எச்சிலை அதில்தான் துப்ப வேண்டும். தரையில் விழுந்த அந்த எச்சிலைச் சாதி இந்து ஒருவர் தெரியாமல் மிதித்துத் தீட்டாகிவிடக் கூடாதே! இடுப்பில் ஒரு துடைப்பமும் கட்டிக்கொள்ள வேண்டும், தன் காலடியைத் தானே பெருக்கிக்கொண்டு போவதற்கு.

கூட்டங்களில் இதை எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். புனேயில் நடந்தது, பேஷ்வா காலத்தில் நடந்தது என்றே பேசியிருக்கிறோம். எங்கள் அப்பாயி வாயையே கலயமாக்கிக்கொண்டு நடந்தது எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அங்கே கலயத்தைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். இங்கே தொண்டைக்குள் வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். எச்சில் என்பது எல்லோர் வாயிலும் ஊறுகிற ஒரே தண்ணீர்தான். பெரியவர் துப்பினால் பித்தளை ஏந்திக்கொள்ளும், அதைத் தூக்க ஒரு ஆள் வரும். நாங்கள் துப்பினால் நாங்களே சுமக்க வேண்டும். காளாஞ்சி என்ற சொல்லுக்கு அகராதியில் எச்சில் துப்பும் கலம் என்றும் பொருள் உண்டு, தாம்பூலம் வைக்கும் தட்டு என்றும் பொருள் உண்டு. இன்றைக்கும் சில ஊர்த் திருவிழாக்களில் 'காளாஞ்சி' என்றால் கோவில் மரியாதை. யாருக்கு முதல் காளாஞ்சி என்று சண்டை நடக்கிறது. அந்தச் சொல்லில் மரியாதைப் பக்கம் ஒரு நாளும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. எச்சில் பக்கம் மட்டும் தவறாமல் வந்தது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் படிக்கம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். படிக்கம் போய்விட்டது. இடுக்கி போகவில்லை.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாதென்று 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், அதற்காகப் போராடியவர்களை வணங்குகிறோம். ஆனால் அதில் கையால் மலம் அள்ளுபவர் யார் என்று சொல்கிற பிரிவின் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கிற கருவிகளோடும் பாதுகாப்புச் சாதனங்களோடும் ஒருவர் அந்த வேலையைச் செய்தால், அவர் கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார். அதாவது வேலை அதே வேலையாக இருக்கலாம், ஆளும் அதே சேரியிலிருந்து வந்த ஆளாக இருக்கலாம். கையில் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டால் கணக்கில் அவர் இல்லை.

இந்த வரியை முதலில் படித்தபோது எங்கோ பார்த்ததாக இருந்தது. எங்கே என்று இப்போது தெரிகிறது. மிராசு வீட்டுக் கொட்டில் சுவரின் ஆணியில்.

கருவி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் சித்தி ஒரு நகரத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 2020-இல் கொரோனா வந்தபோது பொது இடத்தில் எச்சில் துப்பினால் அபராதம் என்று நாடு முழுக்க அறிவித்தார்கள். அந்த மாதங்களில் தெருவில் கிடந்த முகக்கவசங்களையும் எச்சில் படிந்த படிக்கட்டுகளையும் சுத்தம் செய்தது சித்திதான். ஒரு நாள் கையுறை, முகமூடி, குப்பை எடுக்கும் நீள இடுக்கி எல்லாம் கொடுத்து வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அடுத்த வாரம் கையுறை கிழிந்தது. வேறு கேட்டதற்கு "போன வாரம்தானம்மா குடுத்தோம்" என்றார்கள். சித்திக்குக் கையுறை வேண்டும், நல்ல கையுறை, கிழிந்தால் மறுநாளே வேறு வேண்டும். சாக்கடைக்குள் ஆள் இறங்காமல் இருக்க இயந்திரம் வேண்டும். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்றது, 2023-இல் 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது. இறங்குகிறவர்களின் சாதி மாறியிருக்கிறதா?

நாங்கள் கேட்பது இதுதான். எந்தக் கருவியைக் கொடுத்தாலும், அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். வேலை செய்கிறவரின் உடம்பையா, வேலை வாங்குகிறவரின் மனசாட்சியையா? இன்னொரு கேள்வியும் உண்டு. நகரத்து மாடிப்படி மூலைகளிலெல்லாம் 'இங்கே எச்சில் துப்பாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. எத்தனை பணிவாகத் துப்புகிறவரிடம் பேசுகிறது அந்த எழுத்து! 'துப்பினால் நீங்களே கழுவ வேண்டும்' என்று எழுதிய ஒரு சுவரையாவது பார்த்திருக்கிறீர்களா?

அப்பாயி கடைசி ஆறு மாதம் இருமலோடு படுக்கையில் கிடந்தார். அப்பா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் அடியில் சாம்பல் போட்டுக் கட்டிலருகில் வைத்திருப்பார். முதல் நாள் அப்பாயி அதில் துப்ப மாட்டேன் என்றார். "பாத்திரத்துலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன் எச்சிலுக்கு ஒரு பாத்திரம் என்பது அவருக்கு எட்டவே இல்லை. அப்பா தாடையைப் பிடித்து, "துப்பும்மா, ஒன் வீட்டுப் பாத்திரம்தான்" என்றார். காலையும் மாலையும் அவரே எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவினார். அது சேவையும் இல்லை, தியாகமும் இல்லை. அவர் அம்மா, அவர் வீட்டுக் கிண்ணம், அவர் முறை. எங்களுக்கு ஆட்சேபம் எச்சிலைக் கழுவுவதில் இல்லை. பிறப்பைப் பார்த்து அந்த வேலையைப் பங்கு வைப்பதில்தான்.

காரைக்குடியில் அந்த இடுக்கியை மட்டும் விலைக்குக் கேட்டோம். "படிக்கம் வேணாமா? இடுக்கிய மட்டும் யாரும் வாங்க மாட்டாங்களே" என்றார் கடைக்காரர். நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுத்தார். இப்போது எங்கள் தெருப் படிப்பகத்தில், அம்பேத்கர் படத்துக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது. பிள்ளைகள் வந்து இது என்ன என்று கேட்கிறார்கள். அத்தை இருந்தால் அவரே சொல்லிவிடுவார். இல்லாத நேரத்தில் நாங்கள் சொல்கிறோம். இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று மட்டும் இனிமேல் சொல்ல மாட்டோம்.