சொற்கேளாத் தசை

சிரிப்பைப் பொய்யாக வரவழைத்துக்கொள்ள முடிகிறது. மயிர்க்கூச்செறிவை அப்படி வரவழைத்துக்கொள்ளப் பெரும்பாலோரால் முடிவதில்லை. இரண்டும் தசையின் வேலைதான். முகத்தசை நம் சொல் கேட்கும். மயிரின் வேரோடு ஒட்டியிருக்கும் சிறு தசை கேட்காது. பின்னதை மென்தசை என்றும் வரியற்ற தசை என்றும் பாடநூல்கள் அழைக்கின்றன.

எலும்போடு பிணைந்த தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் குறுக்குவரிகள் இதில் இல்லை. நடு பருத்து இரு முனையும் கூம்பிய செல்; அதற்கு ஒரே ஓர் உட்கரு. சுருங்கச் செய்யும் ஆக்டின், மயோசின் இழைகள் இங்கும் உண்டு. ஆனால் அவை வரிசை கட்டி நிற்காமல் வலையைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வேகம் குறைவு, பொறுமை அதிகம். நீட்டிய கையைப் பத்து நிமிடம் பிடித்திருப்பதற்குள் நாம் சோர்ந்துவிடுகிறோம். இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள மென்தசையோ, மிகக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு, வாழ்நாள் முழுதும் தன் இறுக்கத்தைக் காத்து நிற்கிறது.

வெளிச்சத்தில் கண்பாவை சிறுப்பதும், சிறுநீர்ப்பை சுருங்குவதும், கருப்பை குழந்தையை உலகுக்கு அனுப்புவதும் இத்தசையின் காரியங்களே. குடலும் அப்படித்தான். உணவுக் கவளத்துக்கு மேலே தசை சுருங்க, கீழே தளர்கிறது என்பதை பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1899-இல் விளக்கினார்கள். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளைத் துண்டித்த பின்னும் அது நிகழ்ந்தது. 'நான்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஒன்றைக் கலந்துகொள்ளாமலேயே நம் பிழைப்பு நடக்கிறது.

என் தந்தையார் எதையும் முகத்தில் காட்டாதவர். நெஞ்சுவலி வரும்போதும் அப்படியே. சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு மாத்திரையை எடுத்து நாவின் அடியில் வைத்துக்கொண்டு கண்மூடி அமர்வார். சில நிமிடங்களில் மூச்சு சீராகும். அந்த நைட்ரேட் மருந்து உடலில் நைட்ரிக் ஆக்சைடைத் தந்து, இரத்தக் குழாயின் மென்தசையைத் தளர்த்துகிறது. டைனமைட்டின் வெடிபொருளான நைட்ரோகிளிசரினும் இவ்வகை மருந்தே. டைனமைட்டைப் படைத்த ஆல்ஃபிரட் நோபெலுக்கே இறுதிக் காலத்தில் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள். நைட்ரிக் ஆக்சைடின் பணியைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் கிடைத்தது நோபெலின் பெயரால் வழங்கப்படும் பரிசு.

அதே தந்தையாருக்கு, வானொலியில் நாகசுரம் தோடியைத் தொட்டு மேலெழும்போது முன்கை மயிர்கள் நிமிர்ந்து நிற்கும். முகம் மட்டும் அசையாது. நாங்கள் பார்ப்பதை உணர்ந்தால், மற்றொரு கையால் மெல்ல மூடிக்கொள்வார். கையை மூட அவரால் முடிந்தது. மயிரைப் படியவைக்க முடியவில்லை.

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே தந்திருக்கிறது தொல்காப்பியம். மெய் என்ற சொல்லுக்கு உடல் என்றும் உண்மை என்றும் இரு பொருள். சொற்கேளாத அச்சிறு தசையில் அவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன போலும். தந்தையார் இப்போது இல்லை. அவர் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லாதவற்றுள் சிலவற்றையேனும் அவருடைய முன்கை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.