உவர்க் கிணற்றுக் குடம்பி

இறுதி வருட விலங்கியல் மாணவர்களைக் குருநகர்ப் பக்கம் நுளம்புக் குடம்பி எடுக்கக் கூட்டிக்கொண்டு போய் வந்தால், முதலில் நான் கேட்டு வாங்குவது அவர்களின் நோட்டுப் புத்தகத்தைத்தான். ஒன்றும் அகப்படாத கிணற்றுக்கு நேரே பூச்சியம் எழுதியிருக்கிறார்களா? அநேகமாக இராது. அந்தக் கிணற்றையே விட்டிருப்பார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன? 1970களில் தரப்படுத்தல் வந்து, தமிழில் பரீட்சை எழுதியவர்கள் மருத்துவத்துக்குக் கூடிய புள்ளி எடுக்கவேண்டி வந்ததிலிருந்து, எங்கள் ஊரில் படிப்பென்றால் புள்ளிதான். 1978இல் யாழ்ப்பாணத்துக்கே மருத்துவபீடம் வந்தும் அது மாறவில்லை. விடியவே ரியூட்டரி, கடந்தகால வினாத்தாள், புள்ளியிடும் திட்டம். திட்டத்தில் இல்லாத விடை விடையே அல்ல. அப்படி வென்று வந்தவர்களிடம்தான், கண்டதை எழுது என்கிறோம்.

ஒருமுறை ஒரு மாணவி நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் குனிந்திருந்துவிட்டு ‘கியூலெக்ஸ்’ என்று எழுதினாள். நானும் பார்த்தேன். சுவாசக் குழாய் கட்டை. அதில் ஒரேயொரு சோடி மயிர்க்கற்றை. எட்டாம் துண்டத்தில் ஒற்றை வரிசையாய்ச் சீப்புப் பற்கள், ஒவ்வொன்றிலும் நடு முள்ளின் இரு பக்கமும் சிறு முட்கள். ஈடிஸ் எகிப்தியேதான்.

“ஏன் பிள்ளை கியூலெக்ஸ் எண்டு போட்டனீர்?”

“அது உவர்க் கிணறு சேர். ஈடிஸ் நல்ல தண்ணியிலதானே...”

பற்களை அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். படித்தது குறுக்கே வந்துவிட்டது. ஈடிஸ் நன்னீரில்தான் பெருகும் என்பது பாடநூல் பாடம். ரஞ்சன் இராமசாமி, எங்கள் பல்கலைக்கழகத்துச் சுரேந்திரன் ஆகியோரின் குழு, இலங்கைக் கரையோர உவர்நீரிலும் அது வளர்வதை 2011இல் வெளியிட்டது. அடுத்த வருடம் யாழ்ப்பாணக் கிணறுகளைப் பற்றியும் எழுதியது. லீற்றருக்கு அரைக் கிராம் உப்பைத் தாண்டினால் உவர்நீர். கடல்நீரில் சுமார் 35 கிராம். சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிற குடாநாட்டில் கரையோரக் கிணறு இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயும் நிற்கும், மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்றாக.

கட்டுரையை அவளுக்கு உடனே காட்டவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே குடம்பிகளை வளர்க்கச் சொன்னேன். தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். தினமும் அளந்து, குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் விடவேண்டும். சில செத்தன. மிச்சம் கூட்டுப்புழுவாகி, நெஞ்சின் மேற்புறத்தில் வெள்ளை யாழ்க்கோலத்தோடு பறந்தன. (இங்கே வந்து யாழைச் சுமக்கிற நுளம்பு!)

‘கியூலெக்ஸ்’ மேல் ரிப்பெக்ஸ் பூசப் போனாள். மறித்து, ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பக்கத்தில் திகதி போடச் சொன்னேன்.