ஒழுகற இடம் வேற… ஓட்டை வேற!

நாலு மாதமாகவே எங்கள் காருக்குள் ஒரு ஈர வாடை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிச் சாரலில் எந்த வண்டிதான் நனையாது என்று, டேஷ்போர்டில் மல்லிகை சென்ட் பாட்டில் ஒன்றை ஒட்டிவைத்தேன். பின்சீட்டில் ஏறும்போதெல்லாம் அம்மா மட்டும், “ஏங்கண்ணு, நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குதே” என்பார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், பொள்ளாச்சிப் பக்கம் துக்கம் விசாரித்துவிட்டு சூலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். துக்க வீடு என்பதால் அம்மா எதுவும் சாப்பிடவில்லை. வீட்டை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து, சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையைக் காரிலேயே போட்டுக்கொண்டார். நீலாம்பூர் போகும் பைபாஸில், விளக்கே இல்லாத இடத்தில் டயர் பஞ்சர்.

டிக்கியைத் திறந்து மேட்டைத் தூக்கினால், ஸ்டெப்னி இருக்கும் குழியில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர்! ஜாக்கி துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. ஸ்டெப்னியைப் பிடித்திருந்த போல்ட்டும் அசையவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது.

இளநீர் ஏற்றிவந்த மினி வேன் ஒன்று நின்றது. “என்னாச்சுங்ணா?” என்று இறங்கிய தம்பி, முதலில் அம்மாவுக்கு ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்து, தான் வைத்திருந்த தேங்காய் பன்னையும் சாப்பிட வைத்தார். அப்புறம்தான் அவருடைய ஜாக்கியும் சுத்தியலும் வந்தன. நடுக்கம் நின்று அம்மா பேச ஆரம்பித்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. அந்தத் தம்பி காசு வாங்கவில்லை.

மறுநாள், “லங்கா கார்னர் பாலத்தடித் தண்ணியில ஓட்டுனதுதான் காரணம்” என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “பாலத்துத் தண்ணின்னா சேறா இருக்கும். இது தெளிஞ்ச தண்ணி, மழைத்தண்ணி. ஓட்டு ஊட்டுல ஒழுகற எடம் ஒண்ணு, ஓடு ஒடஞ்ச எடம் ஒண்ணு. கோலமாவு எடுத்தா.”

டிக்கியைக் காலிசெய்து, துடைத்துக் காயவைத்து, உள்ளே ஓரமெல்லாம் கோலமாவைத் தூவினோம். டிக்கியை மூடி, வெளியே கீழிருந்து மேலாக ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டோம். திறந்து டார்ச் அடித்தால், வெள்ளை மாவில் ஒரே ஒரு கோடு. அது இடதுபக்க டெயில் லைட்டுக்குப் பின்னாலிருந்து இறங்கியிருந்தது. எப்போதோ பின்னால் இடிபட்டு டிங்கரிங் பார்த்தபோது, விளக்கின் கேஸ்கட்டைச் சரியாக உட்கார வைக்கவில்லை. புது கேஸ்கட்டின் விலை, என் சென்ட் பாட்டிலைவிடக் குறைவு!

மேட்டையும் அடியில் இருந்த ஸ்பாஞ்சையும் ரெண்டு நாள் வெயிலில் போட்டோம். மேலே காய்ந்தாலும் ஸ்பாஞ்ச் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; வாடையே அதிலிருந்துதான். குழியில் துருவை உப்புத்தாளால் தேய்த்து பிரைமர் அடித்தேன். ஜாக்கிக்கும் போல்ட்டுக்கும் கிரீஸ் வைத்தேன். இப்போதெல்லாம் மழை விட்டதும் முதல் வேலை, மேட்டைத் தூக்கிப் பார்ப்பதுதான். சென்ட் பாட்டில் குப்பைக்குப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டிலிருந்து குரல்: “ஏங்கண்ணு, முன்சக்கரத்துல என்னமோ கறகறங்குதே…”

உடனே ஓரங்கட்டினேன்.