படிக்க மட்டும்

அன்புப் பிள்ளைகளே, பழைய கணினி படுத்துவிட்டது. அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் லினக்ஸ் மடிக்கணினியில் செருகினால் திறக்கவில்லை. அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க். முழுசாக நிறுத்தாமல் உறக்கத்தில் விட்டிருக்கிறேன், அதுதான் கோளாறு. கடைக்காரர் "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்றார். உங்கள் டீச்சரம்மாவின் படங்கள் மொத்தமும் அதில்தான். நகல் எடுத்து வைக்காதது என் தப்பு.

டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' அடித்தேன். டிஸ்க் 'எஸ்டிபி1' என்று தெரிந்தது. காலிக் கோப்புறை ஒன்று உண்டாக்கி, மவுண்ட் கட்டளையில் '-ஓ ஆர்ஓ' சேர்த்தேன். படிக்கலாம், எழுத முடியாது என்று அர்த்தம். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி. (உறக்கக் கோப்பை அழித்துவிட்டுத் திறக்கவும் வழி உண்டு. துணிச்சல் வரவில்லை.)

என்டர் தட்டினேன். திரையில் ஒரு வரியும் வரவில்லை. வராவிட்டால் சரியாக நடந்தது என்று பொருளாம்! கோப்புறைக்குள் போனேன். 2009 பொங்கல். அடுப்படி வாசலில் நின்று, "போதும், பால் பொங்குது" என்கிறாள்.

இப்போது இரண்டு நகல் இருக்கிறது.